வெள்ளம் வடிந்த பிறகு கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?

ஐப்பசி பிறந்தால் நம் கேளம்பாக்கம் வட்டாரத்து வியாபாரிகளுக்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஒன்று தீபாவளிச் சரக்கு, மற்றொன்று மழை. கடனுக்கு வாங்கிய மூட்டைகளைக் குடோன் கொள்ளாமல் அடுக்கி வைத்திருக்கும் நேரமும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

மழைக்காலத்தில் உள்ளாட்சி அலுவலகமும் மாவட்ட நிர்வாகமும் பொதுமக்களுக்கு அறிவுரைகள் வழங்குகின்றன. குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள், மின்கம்பத்தைத் தொடாதீர்கள், ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், தாழ்வான இடத்தில் இருப்போர் முகாமுக்குச் செல்லுங்கள் என்று சொல்கிறார்கள். எல்லாம் தேவையான அறிவுரைகளே. ஆனால் அவை குடியிருப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் நனைவது அந்த வீட்டாரின் பொருள். கடையில் நனைவதோ நாளை ஊரார் வாங்கிச் சாப்பிடப் போகும் பொருள். ஆகவே அந்த அறிவுரைகளை வணிகர்களாகிய நாம் நம் தொழிலுக்கு ஏற்றபடி விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையின் நோக்கம் அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் பகுதியில் சிலர், 'நம் தெருவில் மழை விட்டுவிட்டது, இனிப் பயமில்லை' என்று நினைத்து அசந்துவிடுகிறார்கள். இது தவறு. நம் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

நமக்கு மேற்கே தையூர் ஏரி முதலான ஏரிகள் இருக்கின்றன. அவை நிறைந்தால் உபரி நீர் கிழக்கே கடலை நோக்கி இறங்கும். வழியில் பழைய மாமல்லபுரம் சாலை வடக்குத் தெற்காகக் குறுக்கே கிடக்கிறது. சாலையின் அடியில் உள்ள பாலங்களும் கால்வாய்களும் அடைபட்டிருந்தால் தண்ணீர் சாலைக்கு மேற்கே தேங்கும், அல்லது சாலை மீதே ஏறி ஓடும்.

சாலையைத் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோன வழி அது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக அந்தக் கால்வாயில் சேர்ந்து, தெற்கே ஓடி வந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஆக, வடக்கே பெய்த மழையும் நம் பக்கமாகத்தான் கடலுக்குப் போகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடலில் ஏற்றம் அதிகமாக இருக்கும்போது தண்ணீர் வடிவது இன்னும் தாமதமாகும். அந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று. 49 செ.மீ. என்றால் எவ்வளவு என்று பலருக்குப் புரிவதில்லை. 1,000 சதுர அடிக் குடோன் கூரை மீது மட்டும் சுமார் 45,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய நான்கு! பிறகு 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. ஆந்திரக் கரையைத்தான் கடந்தது என்றாலும் 3, 4 தேதிகளில் சென்னையையும் தென் புறநகரையும் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போயிற்று. எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டு பெரிய வெள்ளங்கள். 'எப்போதோ ஒருமுறை வருவது' என்று இனியும் ஒதுக்கி வைக்க முடியாது.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

வானிலை ஆய்வு மையம் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை என்று பொருள். 'மிக கனமழை' என்றால் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை. அதற்கும் மேல் 'அதி கனமழை'. பேச்சு வழக்கில் 7 செ.மீ., 12 செ.மீ., 21 செ.மீ. என்று மூன்று படிகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் எச்சரிக்கை வந்தால் நிலைமையைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே சரக்கை மேலே ஏற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வரும் வரை காத்திருந்தால் லோடுமேன்களும் கிடைக்க மாட்டார்கள், வண்டியும் கிடைக்காது. அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம் மூட்டைகளைத் தூக்க வரவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. மின்சாரப் புகார்களுக்கு 'மின்னகம்' எண் 94987 94987. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் இறங்கியதும் எண்களும் போய்விடும்.

மழைக்கு முன்

1. தரையில் நேராக மூட்டை அடுக்கக்கூடாது. மரச்சட்டமோ, செங்கல் மேல் பலகையோ போட்டு, அதன் மேல் அட்டி போட வேண்டும். முந்தைய வெள்ளத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஓரடியாவது உயரம் வேண்டும்.

2. சர்க்கரை, உப்பு, மாவு, ரவை, பருப்பு ஆகியவை மேல் வரிசையில் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் எதையாவது கீழே வைக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் பாத்திரம் போன்று கழுவிக்கொள்ளக்கூடிய சாமான்களை வையுங்கள்.

3. சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், ஆசிட், பூச்சி மருந்து, உரம் ஆகியவற்றை உணவுப் பொருளிலிருந்து தள்ளி, தண்ணீர் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துச் சூடேறும், பக்கத்தில் இருக்கும் சாக்கு பற்றிக்கொள்ளவும் கூடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய கடையில் அது உயிருக்கே ஆபத்து.

4. பேரேடு, சிட்டை, கொள்முதல் பில்கள், உரிமங்கள், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டின் மேல் மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்போர் அதன் பிரதி ஒன்றைக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும்.

5. எச்சரிக்கை வந்த அன்று சரக்கு இருப்பை எழுதி, ஒவ்வொரு அட்டியையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இதன் பயன் பின்னால் தெரியும்.

6. கடை முன்னால் உள்ள மழைநீர்க் கால்வாயை நாமே அடைக்கக்கூடாது. படிக்கட்டு, சாய்வுதளம், பெயர்ப் பலகை என்று கால்வாய் மேல் கட்டிவிட்டு, தண்ணீர் போகவில்லை என்று ஊராட்சியைக் குறை சொல்வதில் பயனில்லை. அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் கயிறு, கிழிந்த சாக்கு ஆகியவை பெரும்பாலும் நம் கடைகளிலிருந்துதான் கால்வாய்க்குப் போகின்றன.

தண்ணீர் ஏறும்போது

தண்ணீர் வாசற்படியைத் தொட்டவுடன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சுவிட்ச் போர்டுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் நின்றால் அதில் இறங்கிப் போகக் கூடாது. மின்னகத்துக்குச் சொல்லித் தெரு இணைப்பையே துண்டிக்கச் செய்ய வேண்டும். தெருவோரப் பில்லர் பாக்ஸ் பக்கமும் போக வேண்டாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஜெனரேட்டர் ஓட்டுவதும் கூடாது. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்.

ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளை இழுத்துவிடும். திறந்த கால்வாய் எங்கே, சாலை எங்கே என்று தெரியாது. நாலு மூட்டையைக் காப்பாற்றுவதற்காகக் கடைப் பையனை இரவில் தண்ணீரில் அனுப்பும் முதலாளி எவராயினும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சரக்கை மறுபடி கொள்முதல் செய்துகொள்ளலாம்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்தின்போது சில இடங்களில் ஒரு பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது என்று செய்தி வந்தது. அப்படி விற்றவர்கள் மிகச் சிலர். கெட்ட பெயரோ வணிகர் அனைவருக்கும் வந்தது. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எந்த நாளிலும் குற்றம். வெள்ள நாளில் அது பாவமும் கூட.

தண்ணீர் வடிந்த பின்

நமக்கு உண்மையான சோதனை இப்போதுதான் தொடங்குகிறது. கடையைத் திறந்தவுடன் துடைப்பத்தை எடுத்துவிடக் கூடாது. முதலில் சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதையும், நனைந்த அட்டிகளையும் தேதியோடு படம் எடுங்கள். அடுத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். அதன் பிறகே சுத்தம் செய்யுங்கள்.

உள்ளே நுழையும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும். வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது, குடோன் எலிகளின் சிறுநீரும் கலந்திருக்கிறது. காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். தண்ணீரில் வேலை செய்த நமக்கோ நம் ஆட்களுக்கோ சில நாளில் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால், 'மழையில் நனைந்த காய்ச்சல்' என்று கடை மாத்திரை போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். வெள்ளத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். மூட்டை இடுக்கில் பாம்பு ஒதுங்கியிருக்கும், ஆகவே கழியால் தட்டிய பிறகே கை வைக்கவும். பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

தரைத்தொட்டியில் வெள்ள நீர் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் சேர்க்க வேண்டும். தெளிந்த தண்ணீராக இருந்தால் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. கலந்து ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். கலங்கல் இருந்தால் அளவு கூடும், அதைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளவும். குடிக்கும் தண்ணீரை அதற்கு மேலும் காய்ச்சிக்கொள்வது நலம்.

மின்சாதனங்களை எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். மின்னணுத் தராசு நனைந்து பழுது பார்த்தால் எடையளவுத் துறையின் மறுமுத்திரை பெற்ற பிறகே எடை போட வேண்டும். கல்லாவில் நனைந்த ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிழலில் உலர்த்தவும். கறைபட்ட, கிழிந்த நோட்டுகளை வங்கிக் கிளைகளில் மாற்றிக்கொள்ளலாம்.

எதை விற்கக் கூடாது?

சுருக்கமாகச் சொன்னால், வெள்ள நீர் பட்ட உணவுப் பொருள் எதையும் விற்கக் கூடாது. இதைச் சொல்வது எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும்.

2015 டிசம்பரில் எங்கள் குடோனில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு எண்ணிப் பார்த்தபோது அரிசி 46 மூட்டை, துவரம் பருப்பு 9 மூட்டை, மிளகாய் 4 மூட்டை நனைந்திருந்தன. காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்தது பழைய குடோனின் விலாசம்! இரண்டு ஆண்டுகளுக்கு முன் புது இடத்துக்கு மாறியபோது அதைத் தெரிவிக்க நாங்கள் மறந்திருந்தோம். புதுப்பிக்கும்போதும் படித்துப் பார்க்கவில்லை. கோரிக்கை நிற்கவில்லை. குற்றம் முழுவதும் எங்களுடையது.

அன்று மாலை வெளியூர் ஆள் ஒருவர் வந்தார். நனைந்த அரிசியைப் பாதி விலைக்குக் கொடுத்தால் உலர்த்தி, அரைத்து மாவாக்கிக்கொள்வதாகச் சொன்னார். கையில் ரொக்கம் வைத்திருந்தார். மண்டிக்குத் தர வேண்டிய பாக்கி எங்கள் கண் முன்னால் நின்றது. 'நாளைக்குச் சொல்கிறோம்' என்று அனுப்பிவிட்டோம். அந்த இரவு நாங்கள் தூங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

மறுநாள் காலையில் எங்களிடம் இருபது வருடமாக மூட்டை தூக்கும் லோடுமேன்தான் கேட்டார்: "மொதலாளி, அந்த மாவு எங்க போவும்? சுத்திச் சுத்தி நம்ம தெரு இட்லிக் கடைக்குத்தானே வரும்?" அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த ஆள் வந்தபோது இல்லை என்று சொல்லிவிட்டோம். குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தோம். அந்தக் கடனை அடைக்க இரண்டு தீபாவளி ஆயிற்று.

உலர்த்தினால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். சாக்கு தண்ணீரை மேலே உறிஞ்சும். தண்ணீர் ஓரடி நின்றிருந்தால் அதற்கு மேலேயும் ஈரம் ஏறியிருக்கும். வெளியே காய்ந்தாலும் மூட்டையின் நடுவில் ஈரம் நிற்கும், சூடேறும், பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலை, மிளகாய், கொப்பரை, மக்காச்சோளம் போன்றவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், சாதாரணமாகச் சமைக்கும் சூட்டில் அழியாது. மாட்டுத் தீவனத்துக்குப் போட்டால் பாலில் வந்து சேரும். ஆகவே 'மனிதருக்கு வேண்டாம், மாட்டுக்குக் கொடுக்கலாம்' என்பதும் சரியல்ல.

எண்ணெய் டின்னிலும் பாட்டிலிலும் மூடி வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். பிஸ்கட், மசாலா பாக்கெட்டுகளின் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். மாத்திரை, தைலம் முதலியவை நனைந்திருந்தால் அவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். நன்கு மூடிய டப்பாக்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யவும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பற்ற உணவை விற்றால் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. மொத்த வியாபாரி, 'நான் சில்லறைக்குத்தானே கொடுத்தேன்' என்று தப்ப முடியாது. சில்லறைக் கடைக்காரரும் வெள்ளத்துக்குப் பிறகு மிக மலிவாக வரும் சரக்கை மோந்து பார்த்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டே வாங்க வேண்டும்.

காப்பீடும் கணக்கும்

நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் இருக்க வேண்டுமானால் அதைத் தாங்க வேறு வழி வேண்டும். அரசு நிவாரணத்தை மட்டும் நம்ப முடியாது. 2023 வெள்ளத்தில் தமிழக அரசு கொடுத்த 6,000 ரூபாய் குடும்ப அட்டையின் பேரில் கொடுக்கப்பட்டது. கடைச் சரக்கின் மதிப்பைப் பார்த்துக் கொடுத்ததல்ல. நமக்கு வழி காப்பீடுதான்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு வணிகங்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடைமுறையில் உள்ளது. ஓர் இடத்தில் உள்ள சொத்தும் சரக்கும் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்கு உட்பட்டோருக்கு இது பொருந்தும். அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. தீயோடு புயலும் வெள்ளமும் இவற்றில் அடங்கும். பழைய பாலிசி வைத்திருப்போர் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். அத்துடன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, விலாசம். சரக்கு இருக்கும் ஒவ்வொரு குடோனின் விலாசமும் பத்திரத்தில் இருக்க வேண்டும். எங்கள் கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

இரண்டாவது, தொகை. பிரீமியத்தைக் குறைக்க 20 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு 4 லட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'நட்டம் 4 லட்சம்தானே, 10 லட்சத்துக்குள் இருக்கிறதே' என்று அவர் நினைப்பார். ஆனால் பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்ததால் நட்டத்திலும் பாதியே, அதாவது 2 லட்சமே கிடைக்கும். மேலே சொன்ன பாலிசிகளில் இந்தக் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் பிடித்தம் இல்லை. தீபாவளி நேரத்துச் சரக்கின் மதிப்பை வைத்தே தொகையை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கடன். சரக்கின் மேல் கடன் வாங்கியவர்கள், வங்கியே காப்பீடு செய்திருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் சரக்கு இருப்பு விவரமும் உங்கள் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். சர்வேயர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த சரக்கை அகற்றக் கூடாது. நாற்றம் தாங்கவில்லை, சுகாதாரத் துறை அகற்றச் சொல்கிறது என்றால் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அனுமதி பெற்று, எடை போட்டு, படம் எடுத்து, மாதிரி கொஞ்சம் தனியே வைத்துக்கொண்டு அகற்றுங்கள். புதைத்த இடம், தேதி, அளவு, சாட்சி ஆகியவற்றை எழுதி வைக்கவும். கிணறு, போர்வெல் பக்கத்தில் புதைக்கக் கூடாது. இடத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜி.எஸ்.டி. கணக்கிலும் ஒரு வேலை இருக்கிறது. அழிந்துபோன சரக்குக்கு, கொள்முதலின்போது எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தச் சரக்குக்கு எடுத்த வரியைத் திருப்பிக் காட்ட வேண்டும். அழிந்த சரக்கின் விவரத்தை இருப்புக் கணக்கில் தனியே எழுதவும் வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கை எழுதும்போது இந்த வரியையும் நட்டத்தில் சேர்க்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வந்த பிறகு தவிக்கிறார்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

மழைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று எண்ணாமல், இந்த இதழைக் கீழே வைத்தவுடன் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து விலாசத்தைப் படியுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் அட்டியைப் பிரித்து அடியில் பலகை போடுங்கள். மேட்டுப் பகுதியில் குடோன் உள்ள உறுப்பினர்கள், பள்ளத்தில் உள்ளவர்களின் சரக்குக்குப் பத்து நாள் இடம் கொடுக்க முன்வந்தால் சங்கத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வாடகையை இருவரும் பேசிக்கொள்ளலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

இவ்வளவு செய்தும் சரக்கு நனைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். படம் எடுங்கள், எழுதுங்கள், அனுமதி பெற்றுப் புதையுங்கள். பாதி விலைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். அவருக்கு அன்றே, அந்த நிமிடமே இல்லை என்று சொல்லிவிடுங்கள். எங்களைப் போல ஓர் இரவு யோசிக்க வேண்டாம்.